பழங்கல்லின் படி: பல்கலைக்கழக இணையதளங்களின் உருவாக்கமும் பராமரிப்பும்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்டது. கொடும்பாளூர், குடுமியான்மலை, நார்த்தாமலை எனப் பல ஊர்களின் கோயிற்சுவர்களிலும் பாறைகளிலும் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாசனங்கள் அரச மரபு வாரியாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்பட்டது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. அதன் நிலப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. நூலை வெளியிட்ட அரசு மறைந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அந்த எண்கள் மாறவில்லை. விராலிமலை வட்டாரத்தை ஆராயும் ஒருவர் தம் கட்டுரையின் அடிக்குறிப்பில் அவ்வெண்ணைத் தந்தால், தஞ்சாவூரில் இருப்பவரும் பாரிசில் இருப்பவரும் அதே சாசனத்தைச் சென்றடையலாம்.

அதே ஆய்வாளர் தம் துணைநூற்பட்டியலில் ஒரு பல்கலைக்கழக இணையதளத்தின் பக்க முகவரியையும் தருகிறார் எனக் கொள்வோம். பத்து ஆண்டுகள் கழித்து அம்முகவரி வாசகரை எங்கே கொண்டுசேர்க்கும்? ‘பக்கம் காணப்படவில்லை’ என்னும் அறிவிப்பில் கொண்டு நிறுத்துவதற்கே வாய்ப்பு மிகுதி. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை எனக் கண்டறிந்தது. அது இணையம் முழுமைக்குமாக எடுக்கப்பட்ட மாதிரி. ஒரு கடையின் பழைய விளம்பரம் மறைந்தால் பெரிய இழப்பில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமோ ஆட்சிக்குழுத் தீர்மானமோ கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்போ அவ்வாறு மறைவது வேறு செய்தி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தம் அலுவல்முறைத் தளங்களை ஆவணமாகக் கருதுவதில்லை. அவற்றின் குறைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்தே தோன்றுகின்றன.

அறிமுக அட்டையிலிருந்து ஆவணத்திற்கு

தொடக்கத்தில் பல்கலைக்கழக இணையதளம் நிறுவனத்தின் அறிமுக அட்டை போன்றே அமைந்தது. துணைவேந்தரின் செய்தி, முகப்புக் கட்டடத்தின் படம், துறைகளின் பட்டியல், சில தொலைபேசி எண்கள், அவ்வளவே. கடந்த இருபது ஆண்டுகளில் சட்டமும் ஒழுங்குமுறைகளும் அந்த அட்டையை ஆவணமாக மாற்றிவிட்டன. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்பு ஒவ்வொன்றும் 17 வகைத் தகவல்களை எவரும் கேளாமலேயே வெளியிட வேண்டும் என்கிறது; அரசுப் பல்கலைக்கழகங்களும் இதனுள் அடங்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியைப் பொதுப்பார்வைக்கு அளிக்கச் செய்தது. 2023ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறை, சேர்க்கை தொடங்குவதற்குக் குறைந்தது 60 நாள்களுக்கு முன்பே தகவல் கையேட்டை வெளியிடுமாறு பணிக்கிறது. தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவோ தளத்திலுள்ள இணைப்புகளையே சான்றாகக் கேட்கிறது. இவ்வளவு கடமைகள் ஏறிய பிறகும், தளத்தை நடத்துவோரின் மனநிலை அறிமுக அட்டையைத் தாண்டவில்லை.

இதன் விளைவைத் தொலைவிலிருப்பவரே முதலில் உணர்கிறார். விராலிமலை திருச்சிராப்பள்ளி–மதுரை நெடுஞ்சாலையில் உள்ளது. அப்பகுதிக் கல்லூரிகளுக்கு உரிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் திருச்சிராப்பள்ளி–புதுக்கோட்டைச் சாலையில் உள்ளது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் ஒரு மாணவிக்குப் பல்கலைக்கழகம் என்பது கட்டடமன்று. கைப்பேசித் திரையில் விரியும் தளமே. மறுமதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, கடைசி நாள் எது, இடப்பெயர்வுச் சான்றுக்கு எந்தப் படிவம் என்பவற்றை அவர் அங்கேதான் தேடுகிறார். பொதுவாகத் தமிழ்நாட்டுத் தளங்களில் அவருக்குக் கிடைப்பது என்ன? நாளிடப்படாத இரண்டு சுற்றறிக்கைகள். ஒன்றில் ஒரு கட்டணம், மற்றொன்றில் வேறு கட்டணம். எது நடைமுறையில் உள்ளது என்று சொல்லும் ஒரு வரி இல்லை. ‘புதியது’ என்று மின்னும் சிவப்புக் குறி ஈராண்டுக்கு முந்தைய அறிவிப்பின் மேல் இன்னும் மின்னிக்கொண்டிருக்கும். ஐயம் தெளியப் பேருந்தேறி வளாகத்துக்கே செல்வதென்றால் அவருக்கு ஒரு நாள் வகுப்பும், உடன் வரும் பெற்றோருக்கு ஒரு நாள் கூலியும் போகும். தளப் பராமரிப்பின் குறையை நிறுவனம் செலவாகக் கணக்கெழுதுவதில்லை. அச்செலவு இத்தகைய குடும்பங்களின் கணக்கில் ஏறுகிறது.

புதுப்பித்தலும் அழித்தலும்

பல்கலைக்கழகத் தளங்கள் புறக்கணிப்பால் கெடுவதைவிடப் புதுப்பிப்பால் கெடுவதே மிகுதி. தரமதிப்பீட்டுக் குழுவின் வருகை நெருங்கும்போதும், நிர்வாகம் மாறும்போதும் புதிய தளம் ஒன்று தேவைப்படுகிறது. ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது, தனியார் நிறுவனம் ஒன்று புதிய வடிவமைப்போடு வருகிறது, தொடக்க விழாவும் நடைபெறுகிறது. பழைய தளத்திலிருந்த பக்கங்கள் எங்கே சென்றன என்று விழா மேடையில் எவரும் கேட்பதில்லை. தன்மதிப்பீட்டு அறிக்கையில் சான்றாகத் தந்த இணைப்புகளே அடுத்த புதுப்பிப்பில் அறுந்துபோவது இதன் விந்தையான பயன்.

இவ்விடத்தில் திருமழபாடிச் செய்தி நினைக்கத்தக்கது. இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள அவ்வூரின் சிவன்கோயில் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். இடிக்கும் முன்பு, சுவர்களிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பிற கோயில்களிலும் இவ்வாறு மீளப் பொறிக்கப்பட்டவற்றில், இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்னும் குறிப்பு காணப்படுவதுண்டு. இதனைத் திருப்பணியின் ஒரு சடங்கு என்று கடந்துவிட முடியாது. சுவரில் இருந்தவை நிலக்கொடைகள், விளக்கெரிக்க விட்ட ஆடுகள், வரிநீக்கங்கள். சுவர் போனால் உரிமை போகும். ஆதலின் புதுப்பிக்கும் அதிகாரத்தோடு பழையதைக் காக்கும் கடமையும் ஒரே ஆணையில் இணைந்திருந்தது. படியை மூலமென்று காட்டி ஏமாற்றாத நேர்மையும் அக்குறிப்பில் உள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், படியெடுப்பதற்குக் கல்தச்சரும் தேவைப்படாத காலத்தில், ஒரு வழங்கியிலிருந்து இன்னொரு வழங்கிக்கு மாறும்போது பழைய பக்கங்கள் கைவிடப்படுகின்றன.

முகவரிகள் மாறாதிருக்க வேண்டும் என்பது இணையத்தை உருவாக்கியவரே முன்வைத்த கருத்து. டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில், ஆசிரியர் பெயர், பொருட்பகுப்பு, கோப்பின் வகை ஆகியவற்றைப் பக்க முகவரியில் சேர்க்கலாகாது என்றார்; அவை யாவும் மாறக்கூடியவை என்பதே காரணம். இங்கோ துறையின் பெயர் மாறினால் முகவரி மாறுகிறது. ஒப்பந்த நிறுவனம் மாறினாலும் மாறுகிறது. பழைய முகவரியை நாடுவோரைப் புதிய பக்கத்துக்குத் தானே திருப்பிவிடும் ஏற்பாடு தொழில்நுட்ப அளவில் மிக எளியது. அதனை ஒப்பந்தத்தில் எழுதாததால் எவரும் செய்வதில்லை.

தமிழ் இணைய வரலாற்றிலேயே நல்ல முன்மாதிரிகள் உள்ளன. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. அதன் மின்னூல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் குடியிருந்தன. ஆயினும் தொடக்கத்திலேயே ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண் இட்டமையால், திருக்குறள் இன்றும் அதன் முதல் எண்ணாகவே நிற்கிறது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிப் பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறிய நிறுவனம், பழைய பெயரின் சுருக்கத்தைத் தாங்கிய முகவரியையே தொடர்ந்து பயன்படுத்தி வருகிறது. பெயருக்கும் முகவரிக்கும் பொருந்தாமை இருக்கலாம். ஆயிரக்கணக்கான அடிக்குறிப்புகள் அதனால் பிழைத்தன. ‘சோத்கங்கா’ ஆய்வேட்டுக் களஞ்சியமும் ஒவ்வோர் ஏட்டுக்கும் நிலையான அடையாள எண்ணைத் தருகிறது. 1929இன் புதுக்கோட்டை நூலும் இவையும் ஒரே நெறியைப் பின்பற்றுகின்றன.

தேடலுக்கு அகப்படாத தமிழ்

பக்கம் அழியாமல் இருந்தாலே போதுமா? இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாமினி எழுத்துருவில் ‘விராலிமலை’ எனத் தட்டச்சு செய்தால் திரையில் தோன்றுவது தமிழ்; கணினி உள்ளே பதிந்துகொள்வது டி, பி, யு, எச், ஒய், பி, கே, ஐ, ஒய் என்னும் ஒன்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வெழுத்துகளே வெளிப்படும். தேடுபொறி அவற்றை எந்நாளும் விராலிமலை என்று அறியாது. விராலிமலைக் குறவஞ்சியையோ அவ்வூர்ச் சதிர் மரபையோ பற்றிய ஓர் ஆய்வேடு இவ்வாறு தட்டச்சாகித் தளத்தில் ஏற்றப்பட்டிருந்தால், அவ்வூரின் பெயரைத் தமிழில் இட்டுத் தேடுவோருக்கு அது இல்லாததே. விராலிமலைச் சதிர்க் கலைஞர் ரா. முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அக்கலையைப் பற்றி அறிய விரும்பியோர் நாடெங்கும் இணையத்தை நாடியிருப்பர். அத்தகைய நாளில் பல்கலைக்கழக ஆய்வு தன்னை வெளிப்படுத்திக்கொள்ள இயலாவிடில், அவ்விடத்தைச் செய்தித் துணுக்குகளே நிரப்பும்.

1999இல் டேம், டேப் குறியாக்கங்களும், 2010 ஜூனில் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியும் தமிழ்நாடு அரசால் தரமாக அறிவிக்கப்பட்டன. 2010க்குப் பின் உருவான கோப்பு எதுவும் பழைய எழுத்துருவில் இருக்க நியாயமில்லை. ஆனால் அலுவலகப் பழக்கம் அரசாணையைவிட நீண்ட ஆயுள் உடையது. முன்னைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் மெய்ப்புப் பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் கணினி மையத்தில் இல்லை, தமிழ்த்துறையில் இருக்கிறார்.

இதனினும் கொடியது படமாக்கப்பட்ட சுற்றறிக்கை. கணினியில் தட்டச்சு செய்து, அச்சிட்டு, பதிவாளர் கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, மீண்டும் ஸ்கேன் செய்து, சாய்ந்த படமாகத் தளத்தில் ஏற்றுகிறார்கள். கையொப்பம் தெரிய வேண்டும் என்பது அலுவலகம் கூறும் நியாயம். அது மதிக்கத்தக்கதே. ஆயினும் படத்துக்கு மேலே அதே செய்தியை எழுத்துவடிவில் இடுவதற்கு அந்நியாயம் தடையில்லை. பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்குப் படம் என்பது வெற்றிடம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு ஊடக உள்ளடக்கம் அனைவருக்கும் அணுகத்தக்கதாக அமைய வேண்டும் என்கிறது. தமிழ் முதுகலை வகுப்புகளில் பார்வையற்ற மாணவர் பலர் பயில்வதைத் தமிழ்த்துறையினர் நன்கு அறிவர்.

தளத்தின் மொழி பற்றிய கேள்வியும் இதனோடு சேர்ந்தது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் தகவல் பரப்பலில் வட்டார மொழியைக் கருத்திற்கொள்ளச் சொல்கிறது. நடைமுறையில் தளத்தின் மேல்மூலையில் ‘தமிழ்’ என்றொரு பொத்தான் இருப்பதே பெரும்பாலும் காணக்கிடைப்பது. அழுத்தினால் இயந்திர மொழிபெயர்ப்பு விரியும், அல்லது முகப்புப் பக்கம் மட்டும் தமிழாகி உள்ளே ஆங்கிலம் தொடரும். அறக்கட்டளை நிறுவிய ஆய்விருக்கை இயந்திரத்தின் கையில் வெறும் நாற்காலியாகிவிடும் ஆபத்து நகைப்புக்குரியது மட்டுமன்று. அது அலுவல்முறைத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரால் வெளியாகும் பிழை. சேர்க்கை, கட்டணம், தேர்வு, குறைதீர்ப்பு ஆகிய நான்கு பகுதிகளையேனும் தமிழிலேயே முதலில் எழுதுவது ஒரு துறைக்கு இயலாத பணியன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைத் தமிழறிஞர் பலர் இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில்தான் புரட்டுகிறார்கள் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

பொறுப்பு யாருடையது?

நிதி இல்லை, ஆள் இல்லை என்பது நிர்வாகத் தரப்பின் மறுமொழி. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் நிதிநிலை அறிந்தோர் இதனைப் புறந்தள்ள மாட்டார்கள். பழைய பக்கங்களை வைத்திருப்பது பாதுகாப்புக்கு இடையூறு என்னும் தொழில்நுட்ப வாதமும் ஓரளவு சரியே. பராமரிப்பற்ற பழைய மென்பொருள் வழியாகத் தளங்களுக்குள் ஊடுருவுவோர் உண்டு. ஆனால் இயங்கும் மென்பொருளை நீக்குவது வேறு, அது காட்டிய பக்கங்களை நீக்குவது வேறு. பக்கங்களை இயக்கமற்ற வெறும் கோப்புகளாக மாற்றி வைத்தால் ஊடுருவலுக்கு வழி மிகக் குறையும். இடமும் அதிகம் வேண்டாம். அமெரிக்காவின் இணையக் காப்பகம் எல்லாவற்றையும் சேமித்து வைக்கிறதே என்பார் சிலர். அது எல்லாவற்றையும் சேமிப்பதில்லை. படிவம் நிரப்பிப் பெறும் பக்கங்களும் கடவுச்சொல்லின் பின்னுள்ள கோப்புகளும் அதற்கு எட்டா. அயல்நாட்டுத் தன்னார்வ நிறுவனம் ஒன்றின் தயவில் ஒரு பல்கலைக்கழகம் தன் நினைவை விட்டுவைப்பதும் அழகன்று.

உண்மையான இடர்ப்பாடு பொறுப்பின் பகிர்வில் உள்ளது. தளம் கணினி மையத்தின் உடைமை என்று கருதப்படுகிறது. கணினி மையம் வழங்கியைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள செய்தி சரியா, காலாவதியானதா என்று அதனால் சொல்ல இயலாது. செய்தியை அறிந்த தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகமோ கோப்பை அனுப்பியதோடு தன் கடமை முடிந்தது என எண்ணுகிறது. இரண்டுக்கும் இடையே பதிப்பாசிரியர் என்னும் பணி காலியாக உள்ளது. இதனைத் தமிழ்த்துறைகள் தமக்கு உரியதாகக் கேட்டுப் பெற வேண்டும். சுவடியிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொணர்ந்த பதிப்பு மரபைக் கற்பிக்கும் துறைக்கு இப்பணி அயலானதன்று. பாடத்திட்டம் ஒன்று திருத்தப்பட்டால் பழைய கோப்பின் மேலேயே புதியது ஏற்றப்படுகிறது. முன்னைய வடிவம் சுவடின்றி மறைகிறது. 2018இல் பயின்ற ஒருவர் வேலைக்காகவோ அயல்நாட்டுச் சேர்க்கைக்காகவோ தாம் பயின்ற பாடத்திட்டத்தைக் காட்ட வேண்டியிருந்தால் அவருக்குக் கிடைப்பது வேறொரு பாடத்திட்டம். பாடவேறுபாடுகளைப் பக்கத்தின் அடியில் குறித்துவைக்கப் பழகியவர்கள் இதனை இயல்பாகவே அனுமதிக்க மாட்டார்கள்.

ஆய்விதழ்களின் நிலையும் இதனோடு பிணைந்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு தன் ‘கேர்’ இதழ்ப் பட்டியலை நிறுத்தியதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. இதழின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பு இப்போது அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் மேல் விழுந்துள்ளது. துறை வெளியிடும் இதழுக்கு இனி முதற்சான்று அதன் சொந்தத் தளப்பக்கமே: ஆசிரியர் குழு யார், மதிப்பீட்டு முறை என்ன, முந்தைய இதழ்கள் எங்கே. உண்மையான இதழ்களின் பெயரில் போலித் தளம் அமைத்துக் கட்டணம் பறிப்போர் பெருகிய சூழலில், எர்னெட் நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் வழங்கும் இணையப் பெயரின் கீழ் இதழின் எல்லா ஆண்டுகளும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது ஒரு காப்பு. பத்தாண்டு இதழ்களை மூன்று வெவ்வேறு முகவரிகளில் சிதறவிட்ட துறையால் தன் இதழ் மெய்யானது என்று நிறுவுவதே கடினமாகும்.

அடுத்த தளப் புதுப்பிப்புக்கான ஒப்பந்தப்புள்ளி அறிவிக்கை வெளியாகும் முன் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. இப்போதுள்ள தளத்தின் பக்கங்கள், கோப்புகள் அனைத்தின் முகவரிகளையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் வெளியிட்ட நாளும் பொறுப்பான அலுவலகத்தின் பெயரும் இட்டு, ஆட்சிக்குழுவின் முன்வைத்துப் பதிவு செய்துகொள்வது. அப்பட்டியலில் உள்ள எதுவும் புதிய தளத்தில் அதே முகவரியிலோ, அங்கிருந்து திருப்பிவிடப்படும் முகவரியிலோ கிடைக்க வேண்டும் என்னும் ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்து, அது நிறைவேறிய பின்பே இறுதித் தவணையை வழங்கலாம். பட்டியலைத் தயாரிக்கக் கணினி மையத்தின் ஒருவரும் தமிழ்த்துறையின் இரண்டு ஆய்வு மாணவர்களும் சில வாரங்கள் உழைத்தால் போதும். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்களைப் பாறையிலும் சுவரிலும் மைப்படி எடுத்து எண்ணிட்ட 1929ஆம் ஆண்டுப் பணிக்கு இதைவிடக் கூடுதல் ஆட்களும் ஆண்டுகளும் தேவைப்பட்டன.